அண்ணாமலைச் சரிவில் ஒரு நாள்

திருவண்ணாமலையில் வாழ்பவர்க்கு மலை என்பது பயணஞ் செய்து காணும் பொருளன்று. காலையிற் கதவைத் திறந்தால் அது நிற்கும். கடைவீதிக்குச் சென்றால் கூரைகளுக்கு மேலே அது நிற்கும். வெளியூர் போய்த் திரும்புங்கால், ஊர் கண்ணிற் படுமுன்னரே நீலநிறமாய் அது தோன்றி நம்மை வரவேற்கும். இங்ஙனம் நாள்தோறும் கண்டு பழகிய ஒன்றை நாம் அறிந்திருக்கின்றோம் என்றே கருதுகின்றோம். பழக்கம் அறிவு போலத் தோன்றுதல் உலகியல்பு. ஐம்பது ஆண்டு அம்மலையடியில் வாழ்ந்தும், அதன் தென்மேற்குச் சரிவில் ஒரு பகற்பொழுது நடந்த பின்னரே அதனை ஒருசிறிது அறிந்தேன். அந்நடையைப் பற்றி அன்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகின்றேன்.

கிழக்கே தேரடி வீதியில் நின்று நோக்குவார்க்கு மலை ஒரே முடியாய்த் தோன்றும். கிரிவலப் பாதையிற் சிறிது தொலைவு நடந்தால் அஃது இரண்டாகும், பின்னர் மூன்றாகும், அடியண்ணாமலைப் பக்கம் சென்றால் பல முகடுகளாய்ப் பிரிந்து நிற்கும். உயரமோ 2,668 அடிதான். சுற்றிவரும் வழி 14 கிலோமீட்டர். இமயச் சாரலையும் பொதியிலையும் கண்டு வந்தவர்க்கு இது சிறு குன்றாகவே படும். எனினும் பிற தலங்களில் மலைமேற் கோயில் இருக்க, ஈண்டுக் கோயில் அடிவாரத்தில் இருந்து மலையே இறைவன் திருமேனியாய் வழிபடப்படுகின்றது. ஆதலின், பிற மலைகளில் எழாத வினா ஒன்று இம்மலையில் எழுகின்றது. திருமேனியின் மேற் கால் வைக்கலாமா?

இவ்வினா வெறும் வாதத்திற்கு எழுந்ததன்று. காரைக்காலம்மையார் திருக்கயிலையைக் காலால் மிதித்தற்கு அஞ்சித் தலையால் நடந்து சென்றார் என்னும் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆளுடைய பிள்ளையார் அறையணிநல்லூரில் எழுந்தருளியிருந்தபோது, உடனிருந்த அன்பர்கள் தொலைவிலே அண்ணாமலையைக் காட்ட, அங்கு நின்றே தொழுது பாடினார் என்று சேக்கிழார் பெருமான் அருளிச் செய்தனர். கார்த்திகைத் தீப விழா முடிந்த பின், அடியார் பலர் மிதித்தேறிய மலைக்குப் பிராயச்சித்தப் பூசை செய்யும் வழக்கமும் இத்தலத்தில் உண்டு. ஏறுதலை முற்றும் விலக்காமல், ஏறியதற்குக் கழுவாயும் வகுத்தனர் முன்னோர். அவர் கருத்தின் நுட்பம் எண்ணுந்தோறும் எனக்கு இன்பம் தருகின்றது.

என் அன்னையார் இவ்விடயத்தில் ஐயத்திற்கு இடமே வைத்திலர். முழுமதி நாள்தோறும் செருப்பின்றி மலையை வலம் வருவார். ஒரு முறையேனும் மலைமேல் அடி வைத்ததில்லை. விருபாக்ஷி குகைக்குங்கூட அவர் சென்றதில்லை. இளமையில் யான் தோழரோடு கந்தாசிரமம் போய்வந்த நாள்களில், “போனாயா, சரி, கால் கழுவிக்கொண்டு உள்ளே வா” என்பதோடு நிறுத்திக்கொள்வார். கழுவ வேண்டியது என் காலின் புழுதியையா, வேறொன்றையா என்று யான் கேட்டதில்லை.

மலைமேற் செல்லுதற்கு வழிகள் பல காலமாய் உள்ளன. மேலைக் கோபுரத்தைப் பேய்க் கோபுரம் என வழங்குவர். மேற்கோபுரம் என்பதே அவ்வாறு மருவிற்று என்பர். அதன் பக்கத்திலிருந்து குகை நமசிவாயர் கோயில் வழியாகவும், முலைப்பால் தீர்த்தத்தின் வழியாகவும் ஏறுவார் உண்டு. தீபத்திற்குரிய நெய்யும் திரியும் கொப்பரையும் சுமந்து செல்வார் மிதித்து மிதித்துத் தேய்ந்த வழிகள் அவை. நெய்யும் திரித்துணியும் தோளிலும் தலையிலுமே மேலே போதல் வேண்டும். இவ்வழிகளுக்குப் புறம்பான சரிவுகளில் ஊரார்க்கு அலுவல் யாதுமில்லை. ஆடு மேய்ப்பாரும், விறகு பொறுக்குவாரும் ஒருகாலத்தில் அங்குத் திரிந்தனர், அவ்வளவே.

எனக்கு அலுவல் நேர்ந்தது புல்லினால். என் சிறு பருவத்தில் இம்மலை பெரும்பாலும் மரமின்றிக் கிடந்தது. 1980-களின் இறுதி தொடங்கி வனத்துறையினரும் தொண்டர் குழுவினரும் ஆண்டுதோறும் ஐப்பசி மழையில் கன்றுகளை நட்டு, வேனிலில் நீர் சுமந்து ஊற்றி, சரிவுகளைச் சிறுகச் சிறுகப் பசுமையாக்கி வந்தனர். ஆயினும் மழைக்குப் பின் ஆளுயரம் வளரும் புல், தை மாசியில் வைக்கோல்போல் உலர்ந்துவிடும். யாரோ எறிந்த ஒரு பீடித்துண்டு போதும். ஒரே இரவில் ஒரு சரிவு முழுதும் எரிந்து போகும். வேர் ஆழ்ந்திருத்தலின் புல் அடுத்த மழையில் மீண்டும் தழைக்கும். பத்தாண்டு வளர்ந்த கன்று தழைப்பதில்லை. தீ புல்லுக்கு நட்பும் மரத்துக்குப் பகையுமாம். இதற்கு மாற்றாகத் தையில், புல்லைச் சில மீட்டர் அகலத்திற்கு அடியோடு அறுத்துச் செத்தையை வாரி, வெறுந்தரையாய் ஒரு கோடு இடுவர். தீத்தடுப்புக் கோடு என்பது அதன் பெயர். பற்றி வருந் தீ உணவின்றி அங்கே நின்றுவிடும். நிற்கும் என்பது நம்பிக்கை.

2011 ஆம் ஆண்டு தையில், தென்மேற்குச் சரிவில் அடிவாரந் தொட்டு முகடு வரை அத்தகைய கோடு ஒன்று இட வேண்டியிருந்தது. வனத்துறையின் ஒப்புதலோடு பதினால்வர் சென்றோம். கோடு போகுமிடத்தில் வழி யாதுமில்லை. கோடு இட்டுக்கொண்டே ஏற வேண்டும். முதல்நாள் இரவு அன்னையாரிடம் அஞ்சி அஞ்சிச் சொன்னேன். அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்பர் சுவாமி உழவாரம் எடுத்துக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கினாரே, முற்றத்தில் கால் வைக்காமலா செதுக்கினார்? அறுத்துவிட்டு வா. மேலே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிராதே” என்றார். சரியைத் தொண்டைப் பற்றி யான் படித்த நூல்கள் எல்லாவற்றிலும் இச்சொற்களே எனக்குத் தெளிவு தந்தன.

எமக்கு வழிகாட்டியவர் இளமையில் அச்சரிவிலேயே ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர். கையில் ஒரு மூங்கிற்கோல், தலையில் ஒரு துண்டு, அரையில் அரிவாள். ஏறத் தொடங்குமுன் எம்மை நிறுத்தி இரண்டு விதிகள் சொன்னார். ஒருவர்க்கு நேர்கீழே மற்றவர் நடத்தல் ஆகாது. கோணலாய் விலகி நடக்க வேண்டும். காலடியிற் கல் பெயர்ந்தால், பெரிதோ சிறிதோ, உடனே “கல்லு!” என்று கூவ வேண்டும். இவை எளிய விதிகள். பாதையில் நடப்பார்க்கு இவை வேண்டியதில்லை. அங்கே பெயரக்கூடிய கல்லெல்லாம் முன்னமே பெயர்ந்து போயிருக்கும்.

புல்லுக்குட் புகுந்த சில நிமிடங்களிலேயே மலை மறைந்து போயிற்று. இதனை யான் எதிர்பார்த்திலேன். கீழே நின்று காணுங்கால் முடியும் தோளும் சரிவுமாய் விளங்கிய வடிவம், அதன்மேற் சென்றார்க்கு எங்குமே இல்லை. முன்னே ஒரு முழத்தில் புல், காலடியில் எங்கே குழி, எங்கே கல் என்று தெரியாத தரை, எலுமிச்சைபோல் ஒரு மணம், மூச்சிரைப்பு, இவையே உள்ளன. தலை நிமிர்ந்தால் ஒரு பாறை. அதுவே முகடு என்று எண்ணி ஏறினால் அதன் பின்னே மற்றொரு பாறை. இங்ஙனம் நான்கு முறை ஏமாந்தோம். மலையைக் காண வேண்டுமாயின் மலையை விட்டு விலகி நிற்க வேண்டும் என்பது எத்துணை எளிய செய்தி! முடியைத் தேடிப் பறந்தவனும் அடியைத் தேடி அகழ்ந்தவனும் காணாது மயங்கிய தலம் இது. புராணத்தைச் சிறு பிள்ளைக் கதையென இகழ்வார் இச்சரிவில் ஒரு நாழிகை ஏறிப் பார்க்கலாம்.

பெரியவர் முன்னே கோலால் ஒவ்வொரு கல்லையும் தட்டிக்கொண்டே சென்றார். இரண்டு ஆள் சேர்ந்தாலும் கட்ட முடியாத உருண்டைப் பாறையொன்றின் அருகில் எம்மைத் தடுத்து, “அதும் மேல கை வெக்காதீங்க, ஐயா. அது ஒக்காந்த கல்லு இல்ல; சும்மா நிக்குது” என்றார். யான் உற்று நோக்கினேன். எனக்கு அதுவும் மற்றவை போன்றே தோன்றிற்று. அவர் என்னருகில் வந்து குந்தி, கோல்முனையால் அதன் அடியைக் காட்டினார். அப்போதுதான் கண்டேன்: பாறைக்கும் தரைக்கும் இடையே ஒரு விரற்கடை அளவு நிழல், மழைநீர் அரித்த மண், மூன்று சிறு கற்களின் மேல் அப்பெரும் பாறை தங்கியிருந்தது. பின்னர் நோக்கிய இடமெல்லாம் நிற்குங் கற்களே தெரிந்தன.

கண் இருந்தது, பகலவன் ஒளியும் இருந்தது, பொருளும் எதிரே இருந்தது. ஆயினும் கண்டிலேன். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டு வகுத்துச் சித்தாந்தம் கூறும். காட்டுவதோடு நில்லாமல், உயிரோடு உடனாய் நின்று தானும் கண்டு அதனைக் காணச் செய்தல் திருவருளின் செயல் என்பது அதன் கருத்து. இதனை யான் மாணவர்க்குப் பல ஆண்டு பாடஞ் சொல்லியிருக்கின்றேன். அப்பெரியவர் சொல்லியதோடு நில்லாமல், என் பக்கத்திற் குந்தி, என் கண் இருந்த உயரத்திற்குத் தம் கண்ணைத் தாழ்த்தி, உடன் நோக்கினாரே, அந்நிலை அந்நூற்கருத்திற்குத் தக்க உவமையென இன்றும் எனக்குத் தோன்றுகின்றது. உவமை முற்றும் ஒவ்வாது என்பதை அறிவேன். உவமைகள் முற்றும் ஒத்தல் வேண்டா.

நிற்குங் கற்களைப் பற்றி ஈண்டே ஒன்று சொல்லிவிடுதல் நலம். 2024 ஆம் ஆண்டு திசம்பர் 1 ஆம் நாள், பெஞ்சல் புயலின் பெருமழையில், மலையின் கிழக்கடியிலுள்ள வ.உ.சி. நகரின் மேல் மண்ணும் பாறையும் சரிந்து விழுந்தன. ஒரு வீட்டிலிருந்த எழுவர் உயிர் இழந்தனர். அவருள் ஐவர் குழந்தைகள். அவ்வாண்டுத் தீபம் திசம்பர் 13 ஆம் நாள் வழக்கம்போல் ஏற்றப்பெற்றது. ஆயினும் கொப்பரையும் நெய்யும் கொண்டுசெல்லும் பணியாளரன்றிப் பொதுமக்கள் மலையேற ஒப்பளிக்கப்படவில்லை. அதனைக் குறைகூறினார் சிலர். எனக்கு அத்தடை முற்றும் நேரிதென்றே பட்டது. சரிவின் கற்கள் எவ்வாறு தங்கியிருக்கின்றன என்பதை ஒரு முறை குந்தியிருந்து கண்டவன் வேறு சொல்லான். இவ்வாறு இருக்கவும், படம் பிடித்துப் பலர்க்குக் காட்டும் பொருட்டுக் காவலர் கண்ணுக்கு மறைந்து வழியல்லா வழியில் ஏறும் இளைஞர் இன்றும் உளர் என்று கேட்கின்றோம். தம் உயிர் ஒருபுறம் இருக்கட்டும். அவர் பெயர்க்குங் கல் எவர் கூரையின்மேற் சென்று நிற்கும்?

மீண்டும் சரிவுக்கு வருவோம். ஏறியபடியே அறுத்தோம், அறுத்தபடியே ஏறினோம். முன்னால் இருவர் கோல்கொண்டு தட்டிப் பாம்பையும் தேளையும் விலக்க, எண்மர் அரிவாளோடு பின்தொடர, ஏனையோர் செத்தையை வாரி இருபுறமும் ஒதுக்கினர். புல்லின் விளிம்பு கத்திபோல் அறுக்கும். முழங்கை வரை கீறல். காரைமுள் ஒருபுறம், சூரைமுள் ஒருபுறம் ஆடையைப் பற்றி இழுக்கும். நண்பகலில் ஒரு பாறை நிழலில் புளிச்சோற்று மூட்டையை அவிழ்த்தோம். அப்போது பெரியவர் ஒரு புதரைக் காட்டி, அதன் பக்கம் எவரும் செல்ல வேண்டாம், குளவிக் கூடு உண்டு என்றார்.

அவர் அவ்வாறு சொன்னவுடன் எம்மிற் சிலர்க்கு இரமண மகரிஷியின் வரலாறு நினைவிற்கு வந்தது. 1896 இல் இத்தலம் அடைந்து, 1950 இல் மறையும் வரை இதனை விட்டு நீங்காத அம்முனிவர், இம்மலையின் வழியுள்ளனவும் வழியில்லனவுமாகிய இடங்களிலெல்லாம் நடந்து பழகியவர். ஒருநாள் அங்ஙனம் செல்லுங்கால், புதர் மறைவிலிருந்த குளவிக் கூட்டின்மேல் அவர் தொடை பட்டது. குளவிகள் சீறி எழுந்து அத்தொடையையே மொய்த்துக் கொட்டின. அவர் ஓடவில்லை, விலக்கவும் இல்லை, கூட்டைக் கலைத்த தொடை அதற்குரியதைப் பெறட்டும் என்று, அவை தாமே ஓயுமளவும் அசையாது நின்றனர் என்று அவர் வரலாறெழுதியோர் கூறுவர். அறியாமற் செய்ததற்கு வருந்துதல் எதற்கு என்று பின்னாளில் ஓர் அன்பர் வினவ, அதற்கு விடையும் செய்யுளில் அளித்துள்ளார். அவ்வருளாளர் நின்றதுபோல் நிற்கும் ஆற்றல் எமக்கு ஏது? புதரைச் சுற்றிப் பத்தடி தள்ளிக் கோட்டை வளைத்துக்கொண்டு போனோம். குளவிகளும் எம்மைப் பொருட்படுத்தவில்லை.

நண்பகலுக்குப் பின் சரிவு மிகச் செங்குத்தாயிற்று. ஓரிடத்தில் பாறைகள் அடுக்கடுக்காய் நெருங்கி, இடையிடையே மட்டும் புல் நின்றது. அரிவாள் உள்ளே நுழையவில்லை. கையால் இயன்ற மட்டும் பிடுங்கினோம். முற்றும் நீக்க இயலாதென்று பெரியவர் சொல்லி மேலே நடத்தினார். அவ்விடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஏறுதல் அதன்பின் கையாலும் காலாலும் ஆகியது. பற்றிய புல் வேரோடு வந்துவிடுமோ, வைத்த கல் நிற்குமோ என்று ஒவ்வோர் அடிக்கும் ஆராய வேண்டியிருந்தது. அன்னையார் செருப்பின்றி நடந்த கிரிவலம் நினைவிற்கு வந்தது. அடியெடுத்து வைக்குந்தோறும் வைக்கும் இடத்தை எண்ணி வைத்தல் என்பதை அவர் சமநிலத்திலேயே பயின்றிருந்தார். எனக்கு அதனைக் கற்பிக்க ஒரு செங்குத்துச் சரிவு வேண்டியதாயிற்று.

பிற்பகல் மூன்று மணியளவில் முகட்டை அடைந்தோம். அங்கேதான் யான் சிறிதும் எண்ணாத ஒன்று நிகழ்ந்தது. புல்லை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவுடன், குறுக்கே பாதை கிடந்தது. ஊரிலிருந்து முடிக்குச் செல்லும் பழைய பாதையே அது. இளமையில் அதன்மேல் யான் நடந்ததுண்டு. நடந்தபோதெல்லாம் பாதை என் கண்ணிற் பட்டதில்லை, போகுமிடமே பட்டது. அன்று புறத்திலிருந்து வந்து அதனைக் காணவே, கல்லின் முகங்கள் எத்துணை மழமழப்பாய்த் தேய்ந்திருக்கின்றன என்பது புலனாயிற்று. இன்ன கல்லில் கால் வைக்க, இன்ன கல்லை விலக்க என்று எண்ணிறந்தோர் ஆராய்ந்து முடித்த முடிவு அது. தீபம் ஏற்றும் உரிமை பூண்ட பர்வதராஜ குலத்தார் தலைமுறை தலைமுறையாய் நெய்க்குடஞ் சுமந்து ஏறிய அடிச்சுவடு அது. நெறி என்று நூல்கள் சொல்வதைக் கண்ணாற் கண்டவன்போல் அதன்மேற் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். பெரியவர் குந்தி, ஒரு கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முடிக்கும் சென்றோம். நெய்யும் கரியும் படிந்து கருமை ஏறிய பாறை. பாறையில் அண்ணாமலையார் பாதம். நிற்க இடந்தராத காற்று. கீழே 217 அடி இராசகோபுரம் கைக்குள் அடங்கும் சிற்பம்போல் கிடந்தது. அன்னையார் சொல்லை மறவாமல் விரைவில் இறங்கிவிட்டேன்.

அவ்வாண்டு பங்குனியில் ஓர் இரவு மேற்குச் சரிவில் தீ பற்றிற்று. செங்கம் சாலைப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டு மேல்தளத்திலிருந்து பார்த்தால், இருளில் ஒரு செந்நிற மாலைபோல் அது நெளிந்து கிழக்கு நோக்கி வந்தது. காற்றும் மேலைக்காற்று. தொண்டர் பலர் முன்னமே ஏறிப் போயிருந்தனர். பச்சைத் தழைகளால் அடித்து அணைப்பதன்றி அவ்விடத்தே வேறு கருவி இல்லை. தண்ணீர் அங்கே யார் கொண்டுபோவார்? கீழிருந்த எமக்குச் சிறு சிறு கைவிளக்கொளிகள் அசைவது மட்டும் தெரிந்தது.

அன்னையார் படியேறி வருதல் அரிது. அன்று என் தோளைப் பற்றிக்கொண்டு ஏறி வந்தார். தீ நாங்கள் இட்ட கோட்டை அணுகிற்று. அடிவாரத்திலிருந்து பாதி உயரம் வரை அது ஒரு கயிறு இழுத்துக் கட்டினாற்போல் நேராய் நின்றுவிட்டது. அதற்கு மேலே, பாறைகளுக்கிடையில் புல் நின்ற அவ்விடத்தில், ஒரு நாக்கு நீண்டு கோட்டைத் தாண்டியது. கைவிளக்குகள் அங்கே விரைந்து கூடின. அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் அந்த நாக்கு குறுகிற்று, விட்டு விட்டு மின்னிற்று, அவிந்தது.

“நீ அறுத்த இடம் எது?” என்று அன்னையார் கேட்டார்.

காட்டினேன். அவர் பார்வை அப்போது தெளிவாயில்லை. ஆதலின் அவர் கையைப் பிடித்து, என் விரலோடு அவர் விரலைச் சேர்த்து, செந்நிறம் முடிந்து இருள் தொடங்கும் இடத்தை நோக்கி நீட்டினேன். அங்கே கன்றுகள் இருந்தன.